டியோரம் கோட்டை: மணல் வழி, மதில், தீ (அனுபவப் பகிர்வு)

பதிவு 1

எழுதுவது டியோரம், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் சொல்வது ‘சீரம்’. ‘உலர்ந்தது’ என்று பொருள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மொய்டார்ட் கடற்கழியில் கோட்டை நிற்கும் சின்னத் தீவுக்கு நீர் வற்றினால் மணல்திட்டு வழியே நடந்தே போகலாம். கிளான்ரானால்ட் மெக்டொனால்டு குலத்தின் தலைமையிடமாக இருந்த கோட்டை இது. அக்காரக்கிள் ஊரிலிருந்து ஒற்றைத் தடச் சாலையில் சுமார் 5 கிலோமீட்டர் போனால் டார்லின் கரை. எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடங்களில் வண்டியை நிறுத்திவிடாதீர்கள்.

வற்றத்துக்கு (கடல் மிகத் தாழும் நேரம்) 2 மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வற்றம் கழிந்து 2 மணி நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். அடுத்த வற்றம் வர சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். பலரும் தவறுவது கடல் ஏற்ற, வற்ற நேர அட்டவணையைப் படிப்பதில்தான். அச்சிட்ட அட்டவணைகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் 1 மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

பதிவு 2

இதோடு நிலவையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் நன்றாக வற்றும், அதே நாட்களில் ஏற்றமும் அதிகம். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். மேற்குக் காற்றும் சேர்ந்தால் அட்டவணையை அப்படியே நம்ப முடியாது. கடற்பாசி படிந்த கல் வழுக்கும், பிடிப்புள்ள காலணி தேவை.

பதிவு 3

வரலாற்றில் ஒரு திருத்தம். கோட்டையைக் கட்டியவர் ஏமி மெக்ருவாரி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அவர் 14ஆம் நூற்றாண்டுக்காரர். பாறையின் விளிம்பை ஒட்டி ஐங்கோணமாக ஓடும் வெளிமதிலோ 13ஆம் நூற்றாண்டுக் கட்டுமானமாகக் கருதப்படுகிறது. உள்ளே எழும் கோபுர வீடும் மற்ற கட்டடங்களும் பிற்காலத்தில் சேர்ந்தவை. ஏமியின் கணவர் ஜான், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட ‘தீவுகளின் தலைவர்’. அவர் ஏமியை விலக்கிவிட்டு மார்கரெட் ஸ்டூவர்ட்டை மணந்தார். ஏமியின் மகன் ரானால்டின் வழியில் வந்ததே கிளான்ரானால்ட். குலத்தின் பெயரும் ரானால்டுடையதுதான்.

கோட்டையை எரித்ததும் அந்தக் குலமே. 1692இல் அரசுப் படை அதைப் பிடித்தது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக நடந்த 1715 யாக்கோபைட் எழுச்சியில் குலத் தலைவர் ஆலன் அதை மீட்டு, எதிரி மறுபடி பயன்படுத்தக் கூடாதென்று தீயிட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஷெரிஃப்மியர் போரில் இறந்தார். எதிரியின் பீரங்கி இடித்த இடிபாடு என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சுவர்கள் விளங்காது.

பதிவு 4

அந்தத் தீயின் விளைவுதான் இன்றைய நிலை. கூரை போனதும் சுவரின் தலைப்பகுதி மழைக்குத் திறந்துவிட்டது. நீர் உள்ளிறங்கி, நடுவே நிரப்பிய சில்லுக்கல்லைப் பிணைத்திருந்த சுண்ணாம்பைக் கரைக்கிறது, உறைந்தால் விரிந்து முகக்கல்லை வெளியே தள்ளுகிறது. உட்பகுதி 1998இல் மூடப்பட்டது, 2000இல் வடமேற்கு மதிலில் பெரிய சரிவு ஏற்பட்டது. மதிலடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். எட்ட நின்று சுற்றி வந்தாலே ஐந்து முகங்களையும் பார்த்துவிடலாம். நீர் ஏறியிருந்தால் டார்லினிலிருந்து கரையோரமாகப் போகும் சில்வர் வாக் பாதையில் நடங்கள், கோட்டை முழுதாகத் தெரியும் இடங்கள் அதில் உண்டு.