விழுந்து கிடப்பவரைப் படம் எடுக்கலாமா?

வாசகி:
2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க் – பின்லாந்து யூரோ கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதி முடியப்போகும் நேரம். டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். சக ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்றார்கள். பலருக்கு முதுகு அவர் பக்கம், முகம் வெளியே, கண்ணில் நீர். கேமராக்களை மறைக்கத்தான் அப்படி நின்றார்கள். அப்படியும் இடுக்கு வழியே படம் எடுத்தார்கள். ஆட்டத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினோம், ஒருவர் உயிருக்குப் போராடுவதைப் பார்க்க அல்ல.

பழைய லென்ஸ்:
நான் மைதான ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுப்பவன். அந்த இடுக்கு வழியே வந்த ஒரு படத்தை மறந்துவிட்டீர்கள். ஸ்ட்ரெச்சரில் எரிக்சன் கண் திறந்திருக்கிறார், கை தலையருகே உயர்ந்திருக்கிறது. ஆள் பிழைத்துவிட்டார் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னது அந்தப் படம்தான். எடுக்காமல் இருந்திருந்தால் வதந்திதான் ஓடியிருக்கும்.

நடுப்பக்கம்:
அரசியலில் இது இன்னும் முக்கியம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921ல் போலியோ வந்தது. அதற்கப்புறம் நான்கு முறை அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் வென்றார். சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்கள் மிகச் சில. எடுக்கப் போனவர்களைப் பாதுகாவலர்கள் தடுத்தார்கள், பத்திரிகைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

வாசகி:
பதவியில் இருப்பவரின் உடல்நிலை வேறு, சரி. ஆனால் மொனாக்கோ இளவரசி கரோலின் கடைக்குப் போவதும் குதிரை ஏறுவதும் செய்தியா? அப்படி எடுத்த படங்களை எதிர்த்து அவர் போட்ட வழக்கில், 2004ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம்தான் நின்றது. பொது விவாதத்துக்கு அந்தப் படங்கள் எதையும் தரவில்லை என்றது. நானும் அதைத்தான் கேட்கிறேன்: இந்தப் படம் எனக்கு என்ன சொல்கிறது?

பழைய லென்ஸ்:
நல்ல கேள்வி. ஆனால் அதை ஷட்டரை அழுத்தும்போது கேட்க நேரம் கிடையாது. நொடிக்கு 20 பிரேம் ஓடுகிறது. மேடையில் ஒருவர் கண் சிமிட்டுவார், உதடு கோணும். அந்த ஒரு பிரேமைப் போட்டால் கூட்டத்தில் தூங்கியவர் ஆகிவிடுவார். எனக்கே நடந்தது. வயதான பாடகர் ஒருவர் ராகத்தில் லயித்துக் கண் மூடிய படத்தை அனுப்பினேன். ‘சோர்ந்துபோனார்’ என்று கீழே எழுதி அச்சடித்துவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆபத்து எடுப்பதில் இல்லை, பொறுக்குவதிலும் கீழே எழுதும் வரியிலும் இருக்கிறது.

வாசகி:
உங்களைப்போல் எல்லோரும் வீடு தேடிப் போவதில்லையே. அந்த ஸ்ட்ரெச்சர் படத்தைப் பற்றி யோசித்தேன், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று மைதானத்துக்குள் ஓடி வந்த அவருடைய துணைவி? அவர் ஆட்டக்காரர் இல்லை, பதவியில் இல்லை. அவர் அழுத முகமும் உலகம் முழுக்கப் போனது. அன்றைய காட்சிகளுக்காக பிபிசி மன்னிப்புக் கேட்டது.

பழைய லென்ஸ்:
அந்த முகத்தை நான் அனுப்பியிருக்க மாட்டேன். அதில் உங்களோடு நிற்கிறேன். ஸ்ட்ரெச்சர் படத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.