டிப்ளமோ இல்லாமல் அமெரிக்கப் படையில் சேர: நேரே தேர்வா, முதலில் 15 கிரெடிட்டா?

தென்றல்88: 18 வயதுப் பையன், அமெரிக்கக் குடியுரிமை உண்டு. 11ஆம் வகுப்போடு படிப்பை விட்டாச்சு, அதனால் டிப்ளமோ (பள்ளிப் படிப்பு முடித்த சான்று) இல்லை. ஜிஈடியும் (அதற்கு ஈடான தேர்வுச் சான்று) இல்லை. எந்தப் படையானாலும் சரி. நேரே படைத் தேர்வு எழுதுவதா, கல்லூரியில் 15 கிரெடிட் (பாட மதிப்பலகு) முடித்துவிட்டுப் போவதா? எங்கிருந்து தொடங்குவது?

நங்கூரம்: கடற்படை ரெக்ரூட்டரை (ஆள் சேர்க்கிற அதிகாரி) பார்க்கச் சொல்லுங்க. டிப்ளமோ, ஜிஈடி ரெண்டும் இல்லாதவங்களையும் ஆஸ்வாப்ங்கிற படைச் சேர்ப்புத் தேர்வுல கிடைக்கிற ஏ.எஃப்.க்யூ.டி. மதிப்பெண் 50 இருந்தா எடுத்துக்கறோம்னு 2024 ஜனவரியில் அறிவிச்சாங்க. 2000க்கு அப்புறம் மூடியே கிடந்த வழி அது. காலேஜ், கிரெடிட்னு ஒரு வருஷத்தை ஏன் கரைக்கணும்?

படிக்கட்டு: அந்த வழியை நம்பி மற்றதை விடக் கூடாது. 2022 ஜூனில் தரைப்படையும் இதையேதான் அறிவித்தது, 50 என்ற அதே நிபந்தனையோடு. ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். ஆள் பற்றாக்குறையில் வரும் சலுகை, ஆள் சேர்ந்ததும் போய்விடும்.

நிலையான விதி இது: டிப்ளமோ முதல் அடுக்கு, ஜிஈடி இரண்டாவது, எதுவும் இல்லாதவர் மூன்றாவது. புதிதாகச் சேர்பவர்களில் 90 சதவீதம் முதல் அடுக்காக இருக்க வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையின் இலக்கு. மிச்சமுள்ள கொஞ்ச இடத்துக்குத்தான் மற்ற இருவரும் போட்டி போடுகிறார்கள்.

நங்கூரம்: ஜிஈடி வச்சிருக்கிறவங்ககிட்டயும் பொதுவா 50தானே கேக்கறாங்க? அப்போ ஜிஈடிக்குச் செலவழிக்கிற மாசங்களை ஆஸ்வாபுக்கே போடலாமே. ஏ.எஃப்.க்யூ.டி.க்குக் கணக்கில் வர்றது நாலு பகுதிதான்: சொல்லறிவு, பத்தி வாசிப்பு, எண்கணிதம், கணித அறிவு. மொழிப் பகுதி ரெண்டும் சேர்ந்த மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கித்தான் கூட்டறாங்க. அதனால வாசிப்புதான் சீக்கிரம் பலன் தரும்.

கணக்குப்புலி: இதில் பலர் தடுக்கி விழும் ஒன்று. ஜிஈடி கணிதத்தில் முதல் ஐந்து கேள்வி தவிர மீதிக்குக் கால்குலேட்டர் உண்டு. ஆஸ்வாபில் கிடையவே கிடையாது. பின்னம், விகிதம், சதவீதம் மூன்றையும் கையால் போட்டுப் பழகணும். இன்னொன்று, 50 என்பது பாதிக் கேள்விக்குச் சரியான விடை என்று அர்த்தமில்லை. 18 முதல் 23 வயது வரையிலான ஒப்பீட்டுக் குழுவில் பாதிப் பேருக்குச் சமமாகவோ மேலாகவோ செய்திருக்க வேண்டும்.

படிக்கட்டு: வெறும் ஜிஈடி பெரிதாக உதவாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லூரியில் 15 செமஸ்டர் கிரெடிட் முடித்தால் முதல் அடுக்குக்கு ஏறிவிடலாம். அங்கே தரைப்படைக்கு ஏ.எஃப்.க்யூ.டி. 31 போதும். மூன்று கிரெடிட் பாடம் ஐந்து, ஒரு செமஸ்டரிலேயே முடியும். பாடத்தின் எண் 100 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அடிப்படை ஆங்கிலம், அடிப்படைக் கணிதம் போன்ற ஆயத்த வகுப்புகளை எண்ண மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பாட எண்களை ரெக்ரூட்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நங்கூரம்: ஆயத்த வகுப்புல மாட்டினா அந்த ஒரு செமஸ்டர் ரெண்டாயிடும். தேர்வுல தவறினா ஒரு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாமே.

படிக்கட்டு: இரண்டாவது முயற்சிக்கும் மூன்றாவது முயற்சிக்கும் நடுவிலும் ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தயாராகாமல் மூன்றையும் வீணடித்தால் நான்காவது வாய்ப்பு வருவதற்குள் ஒரு செமஸ்டரே ஓடியிருக்கும்.

நங்கூரம்: சரி, பயிற்சித் தேர்வில் 55க்கு மேல் தொடர்ந்து வந்தா நேரே கடற்படை. 40லயே நின்னா கல்லூரி. இதுக்கு மேல நான் இறங்கி வர மாட்டேன்.

படிக்கட்டு: 55 வந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள், தென்றல். சேர்ப்பு உறுதியானதும் விலகிக்கொள்ளலாம்.