புதுப்பிப்பு: பிரெஞ்சில் ஆண்பால், பெண்பால் குழப்பம் தீர்ந்தது

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுச் சொற்களின் பால் மனதில் நிற்கவில்லை, "மேசை எப்படிப் பெண்பால் ஆகும்?" என்று கேட்கிறார்கள் என்று இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, சொல்லைத் தனியாகச் சொல்லித்தரவே வேண்டாம் என்ற யோசனைதான். வெறும் 'தாப்ல்' (மேசை) கிடையாது. எப்போதும் 'ஒரு' என்று பொருள்தரும் முன்சொல்லோடு சேர்த்து ஒரே மூச்சில்: பெண்பாலுக்கு 'யூன் தாப்ல்', ஆண்பாலுக்கு 'அன் லீவ்ர்' (புத்தகம்). ஆறு வாரமாகிறது. இப்போது யாராவது 'அன் தாப்ல்' என்றால் பிள்ளைகளே திருத்துகிறார்கள். காரணம் கேட்பதும் நின்றுவிட்டது. பாலை நிறத்தால் காட்டும் நீல, சிவப்பு அட்டைகளும் உதவின, ஆனால் அட்டை கண்முன் இருக்கும்வரை மட்டும்.

நான் எதிர்பாராதது ஒன்று. 'ஆமி' என்றால் நண்பன். 'அன்' முன்னால் வரும்போது 'அன் நாமி' என்று ஒலிக்கும். ஒரு சிறுமி படத்தைப் பார்த்து 'நாமி' என்றாள். பன்மையில் 'லே ஸாமி' என்று கேட்டதும் அது 'ஸாமி' ஆகிவிட்டது! பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுமாற்றம் வருவதுண்டு, பயப்பட வேண்டாம். 'அன் நாமி, லாமி, லே ஸாமி' (ஒரு நண்பன், அந்த நண்பன், அந்த நண்பர்கள்) மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லி, எது மாறவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஆமி' என்று அவளே கண்டுபிடித்தாள்.

அப்புறம், எழுத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுங்கள். முன்பே காட்டினால் சொல்லின் கடைசியில் வரும் ஒலிக்காத எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.