புதுப்பிப்பு: வாழைநார் நானோ செல்லுலோஸ் இப்போது அடியில் படிவதில்லை

வாழைநார் நானோ செல்லுலோஸ் (வாழைநாரிலிருந்து பிரித்தெடுக்கும் மிக நுண்ணிய இழைகள்) நீரில் மிதக்காமல் அடியில் தங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது டெம்போ (TEMPO) என்ற வினையூக்கியைக் கொண்டு நாரை ஆக்ஸிஜனேற்றும் யோசனைதான்.

வெளுத்த நாரை டெம்போ, சோடியம் புரோமைடு, சோடியம் ஹைப்போகுளோரைட்டுடன் கலக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 10-இல் பிடித்து வைத்தேன். பிஹெச் இறங்குவது நின்றதும் எத்தனால் ஊற்றி வினையை நிறுத்தினேன். செல்லுலோஸின் குளுக்கோஸ் அலகுகளில் ஆறாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி, எதிர்மின்சுமை கொண்ட கார்பாக்சிலேட் தொகுதியாகிறது. எதிர்மின்சுமை ஏறிய இழைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கழுவி அதிவேக மிக்சியில் அடித்தால் தெளிந்த கூழ், அவ்வளவு அழகு!

எதிர்பாராதது ஒன்று: போர்வெல் தண்ணீரில் நீர்க்கச் செய்த பகுதி கட்டி கட்டியாகத் திரண்டது. கடின நீரின் கால்சியம் அயனிகள் இழைகளைப் பிணைத்துவிடுகின்றன. காய்ச்சி வடித்த நீரே வேண்டும். கெட்டியான ஜெல் தேவைப்படுவோர் இதற்காகவே கால்சியம் குளோரைடு கரைசல் சேர்க்கலாம்.