தேரிக்காட்டில் தனியாக நடக்கிறேன்: ஒரே நடையில் கேமராவும் நீர்வண்ணமும் எப்படி?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் திருச்செந்தூர் போய், அங்கிருந்து காயாமொழிப் பக்கம் இறங்கி, குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரமாக நடப்பது என் வழக்கம். யாரையும் கூட்டிப் போவதில்லை. கூட ஆள் இருந்தால் பேச்சில் கவனம் போய்விடும். உடைமரத்தின் நிழல் மணலில் எப்படி விழுகிறது, காவோலை காற்றில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் தனியாக இருந்தால்தான் எனக்குக் கண்ணில் படும்.

கழுத்தில் ஒரு மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம் லென்ஸ் மட்டும். பையில் மாணவர்கள் வாங்கும் கேக் வண்ண டப்பா, ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் காகிதம், இரண்டு தூரிகை.

கஷ்டம் என்னவென்றால், அங்கே போனதும் கை கேமராவுக்குத்தான் போகிறது. டப்பாவைத் திறப்பதே இல்லை. இரவு வீட்டில் லேப்டாப்பில் ஒரு படத்தைத் திறந்துவைத்து, பார்த்து வரைகிறேன். கோடு சரியாக வருகிறது, நிறம் வருவதில்லை. அந்தச் சிவப்பு ஒரு நாள் செங்கல் மாதிரி, ஒரு நாள் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஆகிறது. நிழலுக்குக் கறுப்பு கலந்தால் மணலில் ஓட்டை விழுந்தது போலத் தெரிகிறது. அங்கே நின்று பார்த்தபோது மனசுக்குள் இருந்த சந்தோஷம் காகிதத்தில் துளியும் இல்லை.

கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டையும் ஒரே நடையில் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

கறுப்புவெள்ளை:

நிறத்துக்கு முதல் காரணம் உங்கள் கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு. ஃபிரேம் முழுக்கச் சிவப்பு இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று அது கணக்குப் போட்டு நீலத்தை ஏற்றிவிடும். மணல் வெளுத்துப்போகும். டேலைட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, தேரி மாதிரி இடத்தில் சிவப்பு சேனல்தான் முதலில் எல்லை தாண்டும். பொதுவான ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருப்பதாகக் காட்டும்; மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, ரா (RAW) கோப்பாக எடுங்கள். இல்லாவிட்டால் மணல் வரிகள் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், பிறகு மீட்க முடியாது.

இதைச் செய்தால் படத்தைப் பார்த்து வரைவதில் எந்தத் தப்பும் இல்லை என்பது என் கருத்து. லேப்டாப் திரை நிறத்தைச் சரியாகக் காட்டும்படி அளவீடு செய்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தேரிமணல்:

தங்கச்சி, நான் தேரி ஓரத்திலேயே பிறந்தவன். அப்பா பனையேறி. விடியுமுன்னே கலயத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அந்த மணலில் நடந்து பழகிய கால் இது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போதும் காலையில் தனியாகத்தான் நடை. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேலே நண்பர் சொன்ன கேமரா விஷயம் முழுக்கச் சரி, அப்படியே செய்யுங்கள். ஆனால் திரையைப் பார்த்து நிறம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேரிக்கு ஒரு சிவப்பு கிடையாது. சூரியன் வருமுன் மணல் மங்கலான ஊதா கலந்த பழுப்பு. சூரியன் ஒரு பனை உயரம் ஏறும்வரை நல்ல காவிச் சிவப்பு, ஒவ்வொரு மணல் வரிக்கும் தனி நிழல். பத்து மணிக்கு மேல் வெளுப்பு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதே மணல் ரத்தச் சிவப்பாகக் கிடக்கும். கேமரா இதில் ஒரு நொடியை எடுக்கிறது. நீங்கள் அங்கே நின்ற ஒரு மணி நேரம் முழுவதும் கண்ணில் வாங்கியது அந்த ஒரு படத்தில் எப்படி இருக்கும்?

அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். அசைவது எல்லாம் கேமராவுக்கு. நிறமும் வெளிச்சமும் தூரிகைக்கு.

நான் செய்வதைச் சொல்கிறேன். போய்ச் சேர்ந்ததும் கேமராவை எடுக்க மாட்டேன். உங்கள் காகிதத்திலேயே இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிவப்பைக் கலந்து பூசி, காயவிட்டு, மணலுக்குப் பக்கத்திலேயே, அதே வெயிலில் பிடித்துப் பாருங்கள். காய்ந்த பிறகு பார்ப்பது முக்கியம், நீர்வண்ணம் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். சரியில்லையா, பக்கத்தில் அடுத்த பூச்சு. கிட்டே இருக்கிற மணலுக்கு ஒன்று, தூரத்து மேட்டுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, வானத்தின் அடிப்பகுதிக்கு ஒன்று. கீழே பென்சிலில் மணியும் எந்தக் கலவை என்பதும் எழுதிவிடுங்கள். இந்தப் பட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு படத்தைத் திறந்து உருவத்தை அதில் பாருங்கள், நிறத்தைப் பட்டையில் பாருங்கள். லேப்டாப்பில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கண் ஏமாறாது.

இனி அந்தச் சிவப்பு. தேரி மணலின் ஒவ்வொரு பருக்கையும் உள்ளே வெறும் குவார்ட்ஸ்தான். மேலே ஹெமடைட் என்கிற இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது, நிறம் அதனுடையது. கடையில் லைட் ரெட், இந்தியன் ரெட், பர்ன்ட் சியன்னா என்று விற்கும் வண்ணங்களும் இரும்பு ஆக்சைடுதான். ஆகவே டப்பாவில் இருக்கும் ஸ்கார்லெட், கிரிம்சன் பக்கம் போகவே வேண்டாம், மணலில் அந்தச் சரக்கே இல்லை. பர்ன்ட் சியன்னா ஒரு ட்யூப், லைட் ரெட் ஒரு ட்யூப், அல்ட்ராமரின் ஒரு ட்யூப் தனியாக வாங்குங்கள். இந்த மூன்றை வைத்துக்கொண்டு பாதித் தேரியை முடித்துவிடலாம். அல்ட்ராமரின் குருணையாகப் படியும் வண்ணம். கோல்ட் பிரஸ் என்கிற சொரசொரப்பான காகிதத்தின் குழிகளில் சியன்னாவோடு சேர்ந்து இறங்கும்போது மணலின் சொரசொரப்பு தானாக வரும். புள்ளி புள்ளியாக வைத்து மணலை வரையவே கூடாது.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். நிழல் விழுந்த மணலுக்குச் சூரியன் மறைந்திருக்கிறது, ஆனால் நீல வானம் மேலே இருந்து வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அது ஊதாப் பக்கம் சாய்கிறது. முதலில் சிவப்புப் பூச்சு நன்றாகக் காயட்டும். பிறகு தண்ணியாகக் கரைத்த அல்ட்ராமரினை ஒரே இழுப்பில் மேலே ஓட்டுங்கள். திரும்பத் தேய்த்தால் அடிப்பூச்சு கிளம்பிச் சேறாகும். இன்னொன்று: பனையின் நிழலை அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். தூருக்குப் பக்கத்தில் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கொண்டையின் நிழல் விழும் இடத்தில் ஓரம் மங்கிக் கரைந்திருக்கும். அதைச் செய்தால் மரம் காகிதத்தில் நிமிர்ந்து நிற்கும்.

காலமும் பார்த்துப் போங்கள். ஆனி ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது தூரிகையை எடுக்கவே முடியாது. பூச்சு ஓடி முடிக்குமுன் ஓரம் காய்ந்து கோடு விழும், ஈரத்தில் மணல் வந்து ஒட்டும். அப்போது கேமரா மட்டும் கொண்டுபோங்கள். மணல் வரி புதுப்புதுசாக உருவாகிற காலம் அதுதான். அங்கே நின்று லென்ஸைக் கழற்றாதீர்கள், உங்களிடம் ஒரே லென்ஸ் இருப்பது நல்லதாகப் போயிற்று. வண்ணத்துக்கு ஏற்றது கார்த்திகை, மார்கழி, தை. நம் மாவட்டத்துக்கு மழையே கொண்டல் என்கிற கீழ்காற்றோடு வருவது, அது வந்து போன பிறகு சிவப்பு மணலில் பொடிப் புல் முளைத்துப் பச்சை தெளித்துக் கிடக்கும். காற்றும் அடங்கியிருக்கும்.

வரைவதற்காக ஓர் இடத்தில் உட்கார்ந்தால் பறவை தானாக வரும், இது கேமராக்காரர்களுக்கும் லாபம். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கல் பழுப்பு, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பறந்தால் இறக்கையில் இரண்டு நீலம். அதற்கு இரண்டாயிரத்தில் ஒரு வினாடி வேகம் வைத்துத் தயாராக இருங்கள். எந்த நீலம் எந்த இடத்தில் முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது, அங்கே கேமராதான் ஆசிரியர். பனை உழவாரன்களும் அப்படித்தான், தொங்கும் காவோலையின் அடியில் கூடு ஒட்டி வைத்திருக்கும். அவை வந்து ஒட்டுகிற வேகத்துக்குக் கோட்டோவியம் எட்டாது.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்த கை. 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் எழுதிய பத்திக்குக் கோட்டோவியமும் அவரே போட்டார். ஒரே ஆள் இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ முடியும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

பதநீர்க் காலத்தில் போனால், மரத்தில் இருக்கிற பனையேறியைக் கீழிருந்து கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இறங்கிய பிறகு ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுங்கள். உயிரைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது.

மலையோரம்:

நான் வால்பாறை. எங்களுக்குக் கஷ்டம் தலைகீழ், மழை மாசத்தில் பூசியது காயவே காயாது. அதனால் ஆடியில் நீர்வண்ணப் பென்சில்தான் கொண்டுபோவேன். அங்கே உலர்ந்த கோடு, வீட்டில் வந்து தண்ணீர். சோலைமந்தி சாலையோரம் வரும்போது கேமரா.

அக்கா, நான் எழுத வந்தது வேறு விஷயத்துக்கு. தனியாக நடக்கிற பெண் என்பதால் சொல்கிறேன். நடையை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு டீக்கடையிலோ வீட்டிலோ முகம் தெரிந்தவர்களாக ஆக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். வரைய உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ இருக்கட்டும். குனிந்து வண்ணம் கலக்கும்போது நமக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறது என்றே தெரியாது, கேமராக்காரர்களுக்கு இது புரியாது.

கறுப்புவெள்ளை:

பட்டை யோசனை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். திரை விஷயத்தில் மட்டும் இன்னும் உங்களோடு உடன்பட முடியவில்லை அண்ணாச்சி. மணலுக்குப் பக்கத்தில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் நிறம் பெரும்பாலும் பிடிபடும்.

பொருநைக்கரை:

அண்ணாச்சி, திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். நிழலின் மேல் வானம் வெளிச்சம் கொடுக்கிறது என்பது இத்தனை நாள் தோன்றவே இல்லை. மலையோரம், நீங்கள் சொன்னபடி அய்யனார் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் உடைமரங்கள் குடை விரித்த மாதிரி நிற்கின்றன. அந்தக் குடையின் அடிப்பக்கம் எனக்கு எப்போதும் வெறும் கரும்பச்சையாக வருகிறது. அங்கே வேறு என்னவோ இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. பிறகு, தேரிக்கு உள்ளே நடக்கலாமா, ஓரத்தோடு நின்றுகொள்ளவா?

தேரிமணல்:

உள்ளே இருப்பது காப்புக்காடு. வனத்துறையில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அதோடு உள்ளே போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மணல் மேடு, ஒரே கொல்லா மரம் (முந்திரி). கச்சான் காலத்தில் நம் கால் தடமே கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். பழகாதவர்கள் தனியாகப் போகிற இடம் இல்லை. வரைவதற்கு ஓரம் தாராளமாகப் போதும். குடிக்கிற தண்ணீரையும் வண்ணத்துக்குத் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் ஒன்றுக்கு ஒன்று கடன் கொடுக்கக் கூடாது.

உடைமரத்தின் அடியில் நீங்கள் பார்ப்பது மணலின் சிவப்புதான். வெயில் மணலில் பட்டு மேலே எறிகிற வெளிச்சம் குடையின் அடிப்பக்கத்தைத் தொடுகிறது. கிளைகளின் அடிப்புறமும் அப்படியே. காலை ஏழரை எட்டு மணிக்கு மரத்தடியில் நின்று நேரே மேலே பாருங்கள், பச்சைக்குள் துருவின் நிறம் தெரியும். முதலில் அடிப்பக்கம் முழுவதற்கும் மெல்லிய பர்ன்ட் சியன்னா பூசிக் காயவிட்டு, அதன்மேல் பச்சையை இடைவெளி விட்டுத் தொட்டு வையுங்கள். பனந்தூரும் அப்படித்தான், கருஞ்சாம்பல் என்று முழுக்கப் பூசிவிடாதீர்கள். நிழல் பக்கத்தில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஒரு சிவப்பு ஏறியிருக்கும்.

தம்பி கறுப்புவெள்ளை, சாம்பல் அட்டை வைத்து எடுத்தால் மணலின் நிறம் கிடைக்கும், சரி. இந்த அடிப்பக்கச் சிவப்பை உங்கள் ரா கோப்பில் நிழலின் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அது சாம்பலாகத்தான் வருகிறது, உங்களுக்கு வேறு மாதிரி வந்தால் நான் கற்றுக்கொள்கிறேன்.

தங்கச்சி, முதல் பட்டையைச் செய்ததும் நிழலில் வைக்காமல் வெயிலில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். திரையில் நிறம் கொஞ்சம் மாறினாலும் பூச்சுக்குப் பூச்சு உள்ள வித்தியாசம் தெரியும், எங்கே லைட் ரெட் கூடியிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடுவேன்.