மரியோ சன்ஷைன்: துறைமுகத்துக் கணவாய் சாகவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்!

மாட்டிக்கொண்டவன்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். நாளைச் சாயங்காலம் அக்கா மகன் வருகிறான், அதற்குள் சன்ஷைன் வீடியோ கேமில் வரும் இந்தக் கணவாய் பாஸை (பெரிய எதிரியை)த் தாண்டவில்லை என்றால் மானம் போய்விடும். மரியோ முதுகில் இருக்கும் குழாயால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிறேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, வாயைப் பிடிக்கலாம் என்று கிட்டப் போனால் மரியோ நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றுவிடுகிறார். அதற்குள் கை வந்து சப்பென்று அறைகிறது. பதினோரு உயிர் போய்விட்டது. என்ன செய்வது?

பிக்சல்பாண்டி:
எந்தக் கணவாய் நண்பரே? சன்ஷைனில் அது மூன்று தடவை வருகிறது. ரிக்கோ துறைமுகத்தில் முதல் எபிசோடு (அதாவது கட்டம்), அதே இடத்தில் ஐந்தாவது, அப்புறம் நோகி விரிகுடாவில் இரண்டாவது. ஆடுவது நிண்டெண்டோவின் பழைய கேம்க்யூப் கருவியிலா, ஸ்விட்சிலா?

தயிர்சாதம்99:
மரியோவின் முதுகுத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருக்கும். எனக்கும் இப்படித்தான் ஆனது. கடலில் குதித்து நிரப்பிக்கொண்டு வாருங்கள், எல்லாம் சரியாகும்.

மினிடிஸ்க்மாமா:
இதற்கெல்லாம் ஒரு இழையா? 2002இல் இந்த விளையாட்டு வந்தபோது யாரிடமும் கேட்காமல் முடித்தவர்கள் நாங்கள். ஆரம்பத்தில் வரும் பாஸிலேயே பதினோரு உயிர் விடுபவர் கடைசி இடமான கொரோனா மலைக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

மாட்டிக்கொண்டவன்:
ரிக்கோதான். பெட்டியிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் வெளியே வருமே, அது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது.

பிக்சல்பாண்டி:
அப்படியென்றால் முதல் எபிசோடு. ஸ்விட்சா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லையே.

தலைகீழ்கேமரா:
ஸ்விட்சாகத்தான் இருக்கும், எனக்குக் காரணமும் தெரியும். 2020 செப்டம்பரில் பழைய மரியோ விளையாட்டுகளின் 3டி ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் ஸ்விட்சுக்கு வந்தபோது கேமரா திரும்பும் திசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வசதியே இல்லை. நவம்பரில் 1.1.0 அப்டேட் வந்த பிறகுதான் கொடுத்தார்கள். அப்டேட் போடுங்கள். கேமரா சரியானால் கை தானாக வரும்.

தயிர்சாதம்99:
மரியோ நகரவில்லை என்கிறார், நீங்கள் கேமராவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே.

தலைகீழ்கேமரா:
நீங்கள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லையா?

சும்மாவந்தேன்:
கஷ்டமாக இருந்தால் இதை விட்டுவிட்டு வேறு எபிசோடு ஆடலாமே ப்ரோ. இன்னொன்று, அது ஆக்டோபஸ். தலைப்பில் கணவாய் என்று தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்.

பிக்சல்பாண்டி:
விட முடியாது. ஓர் இடத்தின் எபிசோடுகள் வரிசையாகத்தான் திறக்கும். கடைசியில் கொரோனா மலை திறக்க ஏழு இடங்களிலும் ஏழாவது எபிசோடு வரை முடித்திருக்க வேண்டும். இந்தக் கணவாயைத் தாண்டாமல் கதையே நகராது.

நெய்தல்நிலா:
அது கணவாய்தான் தம்பி. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வந்து பாருங்கள். ஒல்லியாக நீளமாக இருப்பது ஊசிக்கணவாய், உள்ளே ஓடு இருப்பது ஓட்டுக்கணவாய். நீங்கள் சொல்லும் ஆக்டோபஸ் பேய்க்கணவாய். இந்த பாஸின் தலை மேலே கூம்பாக இருக்கிறது, அப்புறம் எப்படிப் பேய்க்கணவாய் ஆகும்?

சும்மாவந்தேன்:
அக்கா, நீங்களே பேய்க்‘கணவாய்’ என்கிறீர்கள். அப்போது இரண்டும் கணவாய்தானே? நான் சொன்னதும் சரி, தலைப்பும் சரி.

யாழ்ப்பாணத்தான்:
கணவாய்க் கறி சாப்பிட்ட ஆளுக்கு இந்தச் சந்தேகம் வராது. ஜப்பான்காரர் இதற்கு வைத்த பேர் ‘கெஸ்ஸோ’. ‘கெசோ’ என்றால் சூஷிக் கடையில் கணவாயின் காலுக்குச் சொல்லும் பேர். பேரிலேயே கணவாய் இருக்கு.

மினிடிஸ்க்மாமா:
கணவாய்க்கு எட்டுக் கையும், அது போக நீளமான இரண்டு உணர்கொம்பும் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் பிராணி எதுவுமே இல்லை. எண்ணத் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

நெய்தல்நிலா:
மாமா, விளையாட்டில் நெருப்பு துப்பும் ஆமையின் கணக்கையும் பார்த்து முடித்துவிட்டீர்களா?

பிக்சல்பாண்டி:
சமையலறைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். @மாட்டிக்கொண்டவன், ஒரே கேள்வி. தண்ணீர் அடிக்க எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள்?

மாட்டிக்கொண்டவன்:
ஆர். ஸ்விட்ச் லைட். வேறு எதை அழுத்துவது?

பிக்சல்பாண்டி:
அங்கேதான் இருக்கிறது விஷயம். ஸ்விட்சில் ஆர் என்பது நின்ற இடத்திலேயே நின்று குறிபார்த்து அடிப்பதற்கு. அதை அழுத்தியிருக்கும் வரை ஸ்டிக்கைத் தள்ளினால் குழாய்தான் திரும்பும், கால் நகராது. ஓடிக்கொண்டே அடிக்க இசட்ஆர். கேம்க்யூபில் இரண்டும் ஒரே பட்டன்: லேசாக அழுத்தினால் ஓடிக்கொண்டே அடிப்பார், ‘டக்’ என்று முழுதாக அழுத்தினால் நின்றுவிடுவார். ஸ்விட்ச் பட்டனுக்கு அந்த அழுத்தக் கணக்கு தெரியாது, அதனால் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

இரண்டாவது விஷயம். தண்ணீரால் அது சாகாது. தண்ணீர் தரையில் அது துப்பிய கறுப்புச் சேற்றைக் கழுவத்தான். சேற்றில் கால் வைத்தால் வழுக்கும், அதனால் நடக்கும் பாதையை முதலில் கழுவுங்கள். கை ஓங்கி வரும்போது ஓரமாக ஒதுங்கினால் அது தரையில் அறைந்து ஒரு கணம் கிடக்கும். அப்போது பக்கத்தில் போய்ப் பிடித்துப் பின்னால் இழுங்கள், பிய்ந்துவரும். முன்னால் இருக்கும் கைகள் போனால் வாய்க்கு வழி கிடைக்கும். வாயைப் பிடித்து அதைவிட்டு விலகும் திசையில் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே இருங்கள். ரப்பர் மாதிரி நீளும். பாதியில் விட்டுவிடாதீர்கள், கடைசி வரை இழுத்தால்தான் அது திரும்பிப் போய் அதன் முகத்திலேயே பட்டென்று அடிக்கும். இப்படி மூன்று தடவை.

பிடிக்கும் பட்டனும் டைவ் அடிக்கும் பட்டனும் ஒன்றுதான். ஓடிக்கொண்டே அழுத்தினால் டைவ் அடித்துக்கொண்டு நேராகச் சேற்றில் போய் விழுவார். வேகத்தைக் குறைத்து அழுத்துங்கள்.

மினிடிஸ்க்மாமா:
இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன். அந்த அரை அழுத்தம் இல்லாமல் சன்ஷைன் ஆடுவது உப்பில்லாத சாம்பார். 1.1.0 வந்த பிறகு ஸ்விட்சிலும் கேம்க்யூப் கன்ட்ரோலரை மாட்டலாம். வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தலைகீழ்கேமரா:
டிவியில் ஆடினால்தான் அது வேலை செய்யும். அவர் வைத்திருப்பது லைட், டிவியிலேயே மாட்ட முடியாது. அப்டேட் போடச் சொன்னது நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தயிர்சாதம்99:
தொட்டியும் நிறைந்திருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

சும்மாவந்தேன்:
அக்கா, ஓட்டுக்கணவாயின் ஓட்டைக் கிளிக்கூண்டில் வைப்பார்களே, அதுவா?

நெய்தல்நிலா:
அதேதான். கடல்நுரை என்பார்கள், ஆனால் நுரை இல்லை, கணவாய் ஓடு. கிளி அலகைத் தேய்த்துக்கொள்ளும்.

மாட்டிக்கொண்டவன்:
ஆர்தான் பிரச்சினை. இசட்ஆர் போட்டதும் மூன்றாவது முயற்சியில் முடிந்தது. பாண்டி அண்ணா, நன்றி. அடுத்ததில் குட்டிக் கணவாய் மேல் ஏறிச் சவாரி போகச் சொல்கிறது, சுவரில் மோதினால் உடனே செத்துப்போகிறார். அதற்குப் புது இழை போடவா?

மினிடிஸ்க்மாமா:
வேண்டாம்.