கார்பன்–புளோரின் பிணைப்பு அவ்வளவு உறுதி என்றால் எஃப்ளார்னிதின் மருந்தில் எப்படி உடைகிறது?

பொருநை மாணவன்:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, பாளையங்கோட்டை. செமினாருக்குப் புளோரின் ஏற்றிய அமினோ அமிலங்களை எடுத்திருக்கிறேன். எலும்புத் தேய்மானத்துக்காகச் சோதித்த ஒடனகாட்டிப் மருந்தில், லியூசின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் புளோரின். கல்லீரல் நொதிகளால் அங்கே கைவைக்க முடியவில்லை. ஆனால் எஃப்ளார்னிதின் வேலை செய்வதே புளோரின் கழல்வதால்தான் என்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? ப்ராஜெக்டுக்கு ஒரு பெப்டைடும் (அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி) செய்யணும். ட்ரைபுளோரோஅலனின் போடலாமா?

அம்பாசமுத்திரம் கெமிஸ்ட்:
தம்பி, உறுதி என்று நாம் சொல்வது, பிணைப்பைச் சரிபாதியாகப் பிளக்க ஆகும் ஆற்றலை வைத்து. எஃப்ளார்னிதினில் அப்படிப் பிளப்பதே இல்லை. செல்கள் பெருகத் தேவையான ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதி இதை ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் என்று நம்பி, வைட்டமின் பி6 துணையோடு கார்பன் டைஆக்சைடைக் கழற்றுகிறது. ஆல்ஃபா கார்பனில் (அமீனும் அமிலமும் ஒட்டியிருந்த கார்பன்) ஓர் எலக்ட்ரான் சோடி மிஞ்சுகிறது. பக்கத்துக் கார்பனிலேயே புளோரின் இருப்பதால், அந்தச் சோடி தள்ளத் தள்ள அது புளோரைடாக வெளியேறிவிடும். அங்கே உண்டாகும் இரட்டைப் பிணைப்பில் நொதிச் சங்கிலியின் 360ஆம் அமினோ அமிலமான சிஸ்டீன் போய் ஒட்டிக்கொள்ளும். நொதி அத்தோடு செத்தது. அமெரிக்காவில் 1990இல் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கும் 2023இல் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

ஒடனகாட்டிப்பில் புளோரின் காமா கார்பனில், அதாவது ஆல்ஃபாவிலிருந்து இரண்டு கார்பன் தள்ளி இருக்கிறது. பக்கத்தில் அப்படி ஒரு சோடி வர வழியில்லை. (பக்கவாத அபாயம் தெரிந்து 2016இல் அந்த மருந்தையே கைவிட்டார்கள். அதையும் செமினாரில் சொல்லிவிடு.)

ட்ரைபுளோரோஅலனின் வேண்டவே வேண்டாம். காரம் பட்டால் ஆல்ஃபா ஹைட்ரஜன் போய்விடும். எல் வடிவம் அதன் கண்ணாடிப் பிம்பமான டி-யோடு கலக்கும், புளோரைடும் கழலும். அமீனின் காரத்தன்மையும் குறைவு, அதனால் அடுத்த அமினோ அமிலம் லேசில் ஏறாது. 4-புளோரோஃபீனைல்அலனின் வாங்கு. சாதாரண ஃபீனைல்அலனின் மாதிரியே ஏறும்.

டவுன் மருந்துக்கடை:
தம்பி, சர்க்கரை நோய் மருந்தான சிட்டாகிளிப்டினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாதி பீட்டா அமினோ அமிலம் (அமீன் ஒரு கார்பன் தள்ளி இருப்பது), வளையத்தில் மூன்று புளோரின். 2022இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு, மேலப்பாளையம், பேட்டையிலிருந்தெல்லாம் பெரியவர்கள் மாதா மாதம் வந்து வாங்கிப் போகிறார்கள்.

பொருநை மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அப்போ 4-புளோரோதான். புளோரின் அணுக்களைக் காந்தப்புலத்தில் பார்க்கும் புளோரின் என்எம்ஆர் சோதனை எடுக்கும்போது எதைக் கவனிக்கணும்?

அம்பாசமுத்திரம் கெமிஸ்ட்:
பெப்டைடைக் கட்டி வளர்க்கும் ரெசின் மணிகளிலிருந்து அதைப் பிரிக்க ட்ரைபுளோரோஅசிட்டிக் அமிலம்தானே ஊற்றுவாய்? அது உப்பாகப் பெப்டைடோடேயே தங்கிவிடும். மைனஸ் 76 பிபிஎம் பக்கம் பெரிய கோபுரமாக நிற்பது அதுதான். உன்னுடையது மைனஸ் 116 பக்கம் சின்னதாக வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறைய வைத்து உலர்த்து. இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் போய்விடும்.